தூண்டிலும் துப்பாக்கியும் வைத்திருப்பவன் காட்டுக்கு எதிரியா?

கேள்வி: ஜூன் 8, 2025

"பவானி ஆற்றங்கரையில் ஞாயிறுதோறும் ஏழெட்டுப் பேர் தூண்டிலோடு உட்கார்ந்திருக்கிறீர்கள். பிடித்த மீனைப் படம் எடுத்துவிட்டுத் திரும்ப ஆற்றிலேயே விடுகிறீர்கள். சாப்பிடுவதற்கு என்றாலாவது புரியும். விளையாட்டுக்காக ஓர் உயிரின் வாயில் முள்ளை ஏற்றுவது எதற்கு? உங்கள் தூண்டில்காரர் சங்கத்தில் நாலைந்து பேரிடம் துப்பாக்கி லைசென்ஸும் இருப்பதாகக் கேள்வி. வேட்டை, தூண்டில், துப்பாக்கி மூன்றையும் மொத்தமாகத் தடை செய்தால் காடும் ஆறும் தானாகத் தேறிவிடும் என்பது என் கருத்து. மறுப்பு இருந்தால் எழுதுங்கள்."

ஜூன் 8, இரவு

மறுப்பு இருக்கிறது. உங்கள் கேள்வியில் நியாயமும் இருக்கிறது. அதனால் ஒரே மூச்சில் பதில் சொல்ல முடியவில்லை. இன்றைக்கு ஒரு மனிதரைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

2006 மாசி மாதம் ஈரோட்டு நண்பர் ஒருவரோடு கலிபோர் தூண்டில் முகாமுக்குப் போயிருந்தேன். கர்நாடகத்தில், பீமேஸ்வரிக்குக் கீழே, காவிரி வனவிலங்கு சரணாலயத்துக்குள் இருக்கும் இடம். அங்கே அப்போது மகசீர் என்ற பெரிய ஆற்று மீனைப் பிடிக்கலாம், ஆனால் பிடித்ததை விட்டுவிட வேண்டும். எனக்கு வழிகாட்டியாக வந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும். இடது கையில் இரண்டு விரல் கிடையாது. ஜெலட்டின் குச்சி கையிலேயே வெடித்துவிட்டதாம். பதினைந்து வயதிலிருந்து வெடி போட்டு மீன் எடுத்தவர். முகாம் வந்த பிறகு, "இந்த ஆறு எங்கே ஆழம், எங்கே பாறை என்று உன்னைவிட யாருக்குத் தெரியும்" என்று அவரையே வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். அங்கே இருந்த வழிகாட்டிகளில் பலர் அப்படி வந்தவர்கள்தான்.

பரிசலில் உட்கார்ந்து அவர் சொன்ன கணக்கு எனக்கு இன்றும் மறக்கவில்லை. "ஒரு குச்சி போட்டால் பத்துப் பதினைந்து மிதக்கும். அதுக்கு மேல அடியில போயிடும், யாருக்கும் ஆகாது. இப்ப ஒரே மீனை பத்துப் பேர் பத்துத் தடவை பிடிக்கிறாங்க. எனக்குப் பத்து நாள் கூலி."

2012-க்குப் பிறகு அந்தக் கரையில் தூண்டில் நின்றுபோனது. சரணாலயத்துக்குள் தூண்டில் போடுவதும் வேட்டைதான் என்று முடிவானதால் வந்த நிலை. இரண்டு வருடம் கழித்து அந்தப் பக்கம் போனபோது அவரைத் தேடினேன். பெங்களூரில் ஒரு கட்டடத்துக்குக் காவலாளியாகப் போய்விட்டார் என்று மகன் சொன்னார். ஆற்றைக் காவல் காத்தவர் அடுக்குமாடி வீட்டைக் காவல் காக்கிறார். ஆற்றங்கரையில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை.

ஜூன் 9, காலை

நேற்று முக்கியமான கேள்வியை விட்டுவிட்டேன். மீனுக்கு வலிக்காதா?

வலிக்காது என்று நான் சொல்ல மாட்டேன். முள் ஏறியதும் அது ஓடுகிற ஓட்டத்தைக் கையில் உணர்ந்தவன் அப்படிச் சொல்ல முடியாது. செய்யக்கூடியது, சேதத்தைக் குறைப்பது. முள்ளின் உள்பக்கத்தில் எதிர்த்து நிற்கும் சின்ன நாக்கைக் குறடால் நசுக்கிவிட்டால் முள் சுலபமாகக் கழன்றுவிடும். கையை நனைத்துக்கொண்டுதான் தொட வேண்டும், உலர்ந்த கை பட்டால் மேல் வழுவழுப்பு போய்ப் புண் பிடிக்கும். கரையில், மணலில் போடவே கூடாது. தலையை நீரோட்டத்துக்கு எதிரே பிடித்துக்கொண்டு, அது தானாக வாலை உதறும் வரை காத்திருக்க வேண்டும்.

இத்தனையும் செய்தாலும் சில மீன் செத்துப்போகும். 2011 சித்திரையில் என் கையில் ஒன்று செத்தது. நாலு கிலோ இருக்கும். தண்ணீர் வற்றிச் சுடுதண்ணீராகக் கிடந்த காலம். நண்பர்கள் ஆளுக்கொரு படம் எடுக்கும் வரை தூக்கிப் பிடித்திருந்தேன். விட்டதும் ஒரு பக்கமாகச் சாய்ந்து போய்விட்டது. அன்றிலிருந்து சித்திரை, வைகாசியில் நான் பெரிய மீன் இருக்கும் மடுவுக்குத் தூண்டில் எடுத்துப் போவதில்லை. மீனைத் தண்ணீரை விட்டுத் தூக்கிப் படம் எடுப்பதும் எங்கள் சங்கத்தில் கிடையாது. நீங்கள் பார்த்த படம் எடுப்பவர்கள் யார் என்று கேட்டிருக்கிறேன். எங்கள் ஆட்களாக இருந்தால் நானே பேசுகிறேன்.

ஜூன் 9, மாலை

தடையால் காடும் ஆறும் தானாகத் தேறும் என்றீர்கள். அதற்கு ஒரு கணக்கு.

அந்தக் கலிபோர் முகாமில் ஒரு வழக்கம் இருந்தது. யார், எத்தனை மணி நேரம் தூண்டில் போட்டார், என்ன மீன், எத்தனை ராத்தல் என்று தினமும் நோட்டில் எழுதிவிடுவார்கள். 1998 முதல் 2012 வரை எழுதிய அந்த நோட்டுகளை வைத்துப் பின்னால் ஆய்வாளர்கள் கணக்குப் போட்டார்கள். மொத்தம் 23,620 மணி நேரத் தூண்டில், பிடித்து விட்ட மகசீர் 6,161. மிகப் பெரியது 104 ராத்தல், ஏறக்குறைய 47 கிலோ. காவிரியில் மகசீர் நிலைமை பற்றி நம்மிடம் இருக்கும் நீண்ட காலக் கணக்குகளில் முக்கியமானது இது. எந்தத் துறையும் எடுத்த கணக்கு இல்லை, தூண்டில்காரன் எழுதிய நோட்டு.

அதில் வந்த சேதி நல்ல சேதி இல்லை. பிடிபடும் மீனின் எண்ணிக்கை கூடியிருந்தது. ஆனால் திமில் வைத்த, செம்மஞ்சள் துடுப்புள்ள, காவிரிக்கே உரிய மகசீர் குறைந்துகொண்டே வந்திருந்தது. அதன் இடத்தில் நீலத் துடுப்பு மகசீர் ஏறியிருந்தது. திமில் மகசீர் இன்று உலகப் பட்டியலில் அழிவின் விளிம்பில் இருக்கும் உயிரினம். அதற்கு அறிவியல் பெயர் எது என்று உறுதியானதே 2018-இல்தான். 1946-இல் காவிரியில் 120 ராத்தல் மீன் பிடித்துச் சாதனை வைத்தார்களே, அப்படி உலகம் முழுக்கப் பேசப்பட்ட மீனுக்கு 2018 வரை சரியான பெயர் இல்லை!

2012-க்குப் பிறகு அந்த நோட்டு இல்லை. இன்றைக்கு அந்த மடுக்களில் எத்தனை திமில் மகசீர் இருக்கிறது என்று தினமும் பார்த்து எழுத ஆள் இல்லை. தேறிவிட்டதா, தீர்ந்துவிட்டதா என்று எதை வைத்துச் சொல்வது?

ஜூன் 10

திருத்தம். 120 ராத்தல் மீன் பிடிபட்டது காவிரியில் இல்லை, அதன் துணையாறான கபினியில். பிடித்தவர் மைசூரில் விலங்குகளைப் பாடம் செய்து கொடுத்த வான் இங்கன் குடும்பத்தைச் சேர்ந்தவர். சுட்டிக்காட்டிய மைசூர் அண்ணாவுக்கு நன்றி.

ஜூன் 14

நாலு நாளாக ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. நீலத் துடுப்பு மகசீர் "ஏறியிருந்தது" என்று, ஏதோ அதுவே நடந்து வந்ததுபோல எழுதிவிட்டேன். அது காவிரி மீன் இல்லை. லோனாவாலாவில் டாடா நிறுவனத்தின் குஞ்சுப் பொரிப்பகத்தில் வளர்த்த குஞ்சுகளை 1970-களில் இருந்து கொண்டுவந்து விட்டார்கள். மகசீர் குறைகிறது, பெருக்க வேண்டும் என்ற நல்லெண்ணம்தான். தூண்டில்காரர்கள் கைதட்டி வரவேற்றோம். எங்கள் பெரியவர் ஒருவர் பாலித்தீன் பையில் வந்த குஞ்சுகளைத் தன் கையாலேயே ஆற்றில் விட்டதைப் பெருமையாகச் சொல்வார். எது எந்த ஆற்று மீன் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. திமில் மகசீர் குறைந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் ஐயப்படுகிறார்கள். அணை, மணல் அள்ளுவது, வெடி எல்லாவற்றோடும் சேர்த்துத்தான். ஆனால் மற்றதெல்லாம் அடுத்தவன் செய்தது. இது எங்கள் கூட்டம் செய்தது.

நீலகிரியிலும் இதே கதை. டிரவுட் மீன் நம் ஊர் மீன் இல்லை. 1860-களில் பிரான்சிஸ் டே முயன்று பார்த்தார், நிலைக்கவில்லை. அடுத்த நூற்றாண்டின் முதல் பத்து வருடத்துக்குள் வில்சன் என்பவர் அவலாஞ்சியில் பொரிப்பகம் வைத்து வானவில் டிரவுட்டை நிலைநிறுத்தினார். வெள்ளைக்காரருக்குத் தூண்டில் போட ஊர் ஞாபகம் வரும் மீன் வேண்டியிருந்தது. சோலை ஓடையில் அதற்கு முன்பு இருந்த சின்ன மீன்களும் தவளைகளும் அதைப் பற்றி என்ன நினைத்திருக்கும்? நானும் அவலாஞ்சி ஓடையில் டிரவுட் பிடித்திருக்கிறேன். அழகான மீன், அதில் சந்தேகமே இல்லை. அழகாக இருப்பதால் அது அங்கே இருக்கலாம் என்று ஆகிவிடாது.

இன்னொன்று. முகாமில் கேப்பைக் களி உருண்டை போட்டு மீனைப் பழக்கி வைத்திருந்தார்கள். அதனால் அந்த நோட்டுக் கணக்கு முழு ஆற்றின் நிலையைச் சொல்லாது, களி தின்னப் பழகிய மடுக்களின் நிலையைத்தான் சொல்லும். இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

ஜூன் 21

"உங்கள் சங்கம் எல்லாம் பணக்காரர் பொழுதுபோக்கு" என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். பதில் எழுத ஒரு வாரம் ஆகிவிட்டது, வாழைக்கு மண் அணைக்கும் வேலை.

முதலில் சங்கங்களின் பக்கம். நீலகிரியில் 1879-இலேயே வேட்டை விலங்குகளையும் மீன்களையும் காக்கத் தனிச் சட்டம் வந்தது. அதே காலத்தில் உருவான வேட்டைக்காரர் சங்கம்தான் பின்னால் நீலகிரி வனவிலங்கு, சுற்றுச்சூழல் சங்கமாக மாறியது. வரையாட்டில் முதுகு வெளுத்த முதிர்ந்த கிடாவை மட்டுமே சுடலாம், பெட்டையையும் குட்டியையும் தொடக்கூடாது என்ற கட்டுப்பாடு அவர்களிடம் இருந்தது. லைசென்ஸ் கட்டணத்தில் காவலாட்களை வைத்தார்கள். அந்தச் சங்கத்தில் பொறுப்பில் இருந்த இ.ஆர்.சி. டேவிதார், குன்னூர் வழக்கறிஞர், துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு 1963-இல் நீலகிரி வரையாடுகளை எண்ணி எழுதினார். மூணாறு பக்கம் 1928-இல் தொடங்கிய தேயிலைத் தோட்டத்துரைகளின் சங்கம் முதுவர் பழங்குடியினரைக் காவலுக்கு வைத்து இரவிகுளத்தைப் பாதுகாத்தது. 1975-இல் அது சரணாலயமாகி, 1978-இல் தேசியப் பூங்காவாக ஆனபோது அங்கே காப்பாற்றுவதற்கு வரையாடு மிச்சம் இருந்தது என்றால் அந்தக் காவலும் ஒரு காரணம். 2024-இல் தமிழ்நாட்டில் எண்ணியபோது 1,031 வரையாடு. அப்போது தமிழ்நாட்டில் இருந்த மாநில விலங்கின் மொத்தத் தொகையே அவ்வளவுதான்.

இப்போது உங்கள் பக்கம். அந்த லைசென்ஸ் கட்டணத்தைக் கட்ட யாரால் முடிந்தது? தோட்டத்துரையால் முடிந்தது. கண்ணி வைத்துக் கௌதாரியும் காடையும் பிடித்துச் சந்தையில் விற்ற நரிக்குறவரால் முடிந்ததா? எங்கள் ஊர் வாரச்சந்தைக்கு ஒரு குடும்பம் வரும். அந்தப் பெரியவர் கௌதாரி மாதிரியே கூப்பிடுவார், புதருக்குள்ளிருந்து பதில் குரல் வரும். என் அப்பாரு அவரிடம்தான் நாட்டுத் துப்பாக்கிக்கு மருந்து கெட்டிக்கும் விதம் கற்றுக்கொண்டதாகச் சொல்வார். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு தோட்டத்துரையின் வாரிசுகள் காட்டைக் காக்கும் சங்கத்துக்கு மாறிக்கொண்டார்கள். அந்தப் பெரியவரின் வாரிசுகள் பஸ் நிலையத்தில் பாசிமணி விற்கிறார்கள். பறவையைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்ததில் பாதி எங்கள் சங்கத்தில் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் எந்தச் சங்கத்திலும் அவர்களுக்கு நாற்காலி இல்லை, எங்களுடையதிலும்தான். இந்த இழை தொடங்கும் வரை இதை நான் யோசித்ததில்லை.

ஜூன் 22

மதுரை வழக்கறிஞர் நண்பர் திருத்தியிருக்கிறார். 1972 சட்டம் ஒரேயடியாக வேட்டையைத் தடுக்கவில்லை. பெரிய விலங்கு, சிறிய விலங்கு என்று பிரித்து லைசென்ஸ் கொடுக்கும் ஏற்பாடு அதில் இருந்தது. 1991 திருத்தம்தான் அந்த ஏற்பாட்டை எடுத்தது. சரி. நேற்று எழுதியதில் வருடத்தை மட்டும் மாற்றிப் படியுங்கள், ஆதங்கம் மாறவில்லை.

ஜூன் 29

துப்பாக்கிக்கு வருகிறேன்.

என்னிடம் இருப்பது அப்பா காலத்து ஒற்றைக்குழல். தோட்டம் காட்டோரம். லைசென்ஸ் பயிர்ப் பாதுகாப்புக்கும் தற்காப்புக்கும். இதுவரை எந்த விலங்கையும் அதனால் சுட்டதில்லை, சுட எனக்கு அனுமதியும் கிடையாது. வீட்டில் இருக்கிறது என்பதே ஒரு தைரியம். இரவு கட்டில் போட்டுக் காவல் இருப்பவனுக்குத்தான் அது புரியும்.

2024 நாடாளுமன்றத் தேர்தல் மார்ச் 16 அறிவிப்பு. அடுத்த வாரமே ஸ்டேஷனிலிருந்து போன், துப்பாக்கியைக் கொண்டுவந்து ஒப்படையுங்கள் என்று. எங்களுக்கு ஓட்டுப்பதிவு ஏப்ரல் 19. முடிவு ஜூன் 4. அது வரைக்கும் துப்பாக்கி அங்கேதான். எந்த ஸ்டேஷன் என்று சொல்லப்போவதில்லை, அங்கே இருந்தவர்கள் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். ஆனால் திரும்ப வாங்கும்போது குழலுக்குள் துரு, கட்டையில் ஒரு கீறல். மழை ஒழுகும் அறையில் நாற்பது துப்பாக்கியோடு சாக்கில் சாத்தி வைத்திருந்தார்கள். அப்பா அறுபது வருடம் எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்த பொருள்.

தேர்தல் ஆணையத்தின் நடைமுறைப்படி எல்லோரிடமும் வாங்க வேண்டும் என்பதே இல்லை. ஜாமீனில் இருப்பவர், குற்ற வழக்கு உள்ளவர், முன்பு கலவரத்தில் ஈடுபட்டவர் என்று மாவட்ட அளவில் ஒரு குழு உட்கார்ந்து ஒவ்வொரு லைசென்ஸாகப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு எல்லோரிடமும் வாங்கக் கூடாது என்று மும்பை உயர் நீதிமன்றம் 2009-லேயே சொல்லியிருக்கிறது. வங்கிக் காவலருக்கும், தேசியத் துப்பாக்கிச் சங்கத்தில் பதிவு செய்த போட்டி வீரருக்கும் விலக்கு உண்டு. விவசாயிக்கு? ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்ப்பது வேலை, மொத்தமாக வாங்கி வைப்பது சுலபம். சுலபமானதுதான் நடக்கிறது.

லைசென்ஸ் கொடுப்பதையே நிறுத்த வேண்டும் என்று நான் கேட்கவில்லை, கண்டவருக்கெல்லாம் கொடுக்க வேண்டும் என்றும் கேட்கவில்லை. 2019 திருத்தத்தில் ஒருவருக்கு மூன்று துப்பாக்கி என்பதை இரண்டாகக் குறைத்தார்கள். எங்கள் சங்கத்தில் சிலர் கொதித்தார்கள். எனக்கு அதில் வருத்தமே இல்லை. ஒரு தோட்டத்துக்கு மூன்று எதற்கு? அதே திருத்தத்தில் புதுப்பிக்கும் காலத்தை மூன்று வருடத்திலிருந்து ஐந்தாக நீட்டியது நல்ல காரியம். கேட்பது ஒன்றுதான். என் பெயரில் உள்ள கோப்பைத் திறந்து பார்த்துவிட்டு என்னிடம் கேளுங்கள். வாங்கினால் உலர்ந்த இடத்தில் வையுங்கள்.

ஜூலை 3

இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

போன வருடம், துப்பாக்கி ஸ்டேஷனில் இருந்த அதே மே மாதம், பக்கத்துத் தோட்டத்துப் பசு ஒன்று விடிகாலையில் கத்தியது. கத்தல் என்று சொல்ல முடியாது, தொண்டையிலிருந்து ஒரு சத்தம். ஓடிப் பார்த்தால் கீழ்த்தாடை இல்லை. அவுட்டுக்காய்.

தெரியாதவர்களுக்கு: வெடிமருந்தைப் பழத்துக்குள்ளோ மாவுக்குள்ளோ வைத்துக் கட்டி, காட்டுப்பன்றி வரும் தடத்தில் போட்டுவிடுவார்கள். கடித்தால் வாய்க்குள் வெடிக்கும். வைத்தவன் வீட்டில் தூங்குவான். பன்றி கடிக்கிறதா, நாய் கடிக்கிறதா, யானைக்குட்டி கடிக்கிறதா என்று அதற்குத் தெரியாது. 2020-இல் பாலக்காடு பக்கம் கர்ப்பிணி யானை ஒன்று வாய் வெடித்து ஆற்றுத் தண்ணீரில் நின்றபடியே செத்தது நாடு முழுக்கப் பேசப்பட்டது. எங்கள் பக்கம் வாய்ப்புண்ணோடு மெலிந்து திரிந்து சாகும் யானைகளைப் பற்றி அவ்வப்போது இரண்டு பத்தி செய்தி வரும், அவ்வளவுதான்.

அந்தப் பசுவுக்கு அஞ்சு வருடம் வயது. பக்கத்துத் தோட்டத்து அக்கா அதை லட்சுமி என்றுதான் கூப்பிடுவார். மருத்துவர் வந்து ஊசி போடும் வரை மூன்று மணி நேரம். ஒரே தோட்டாவில் முடித்திருக்கலாம். கையில் துப்பாக்கி இல்லை. யார் வைத்தது என்று ஊருக்கே தெரியும், சாட்சி சொல்ல ஆள் இல்லை.

துப்பாக்கி கையில் இருந்தால் அவுட்டுக்காய் வராது.

ஜூலை 5

மேலே கடைசி வரி கோபத்தில் எழுதியது. அழிக்கவில்லை, ஆனால் அது சரியில்லை. துப்பாக்கி வீட்டில் இருந்த வருடங்களிலும் அவுட்டுக்காய் வைத்தார்கள். கறிக்காக வைப்பவனுக்கும் என் லைசென்ஸுக்கும் சம்பந்தம் இல்லை. அவனுக்கு வேண்டியது ஆள் நிற்காமல் விலங்கு விழ வேண்டும் என்பது. அந்தப் பசுவைச் சுட்டிருக்கலாம் என்று எழுதியதும் அப்படித்தான். என் லைசென்ஸில் அதற்கு இடம் உண்டா என்று கூட நான் யோசிக்கவில்லை.

குடகில் இருக்கும் நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். அங்கே குடவர்களுக்கும் ஜம்மா நிலம் (வழிவழியாக வரும் பழைய நில உரிமை) வைத்திருப்பவர்களுக்கும் லைசென்ஸே வேண்டாம். வெள்ளைக்காரர் காலத்து வழக்கம். 1963-இல் மத்திய அரசு கொடுத்த விலக்கு 2029 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது, 2021-இல் கர்நாடக உயர் நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. செப்டம்பரில் கைல்போது திருவிழாவில் துப்பாக்கிக்குப் பூ வைத்து வணங்குவார்கள், தேங்காயைக் கட்டிக் குறி பார்ப்பார்கள். "எங்களுக்கு அது ஆயுதம் இல்லை, வீட்டில் ஒரு ஆள்" என்று எழுதியிருந்தார். படித்ததும் நாங்கள் ஆயுத பூஜைக்கு மம்மட்டியையும் மோட்டாரையும் வைத்துப் பொட்டு வைப்பது ஞாபகம் வந்தது. அப்பா இருந்தவரை ஒற்றைக்குழலும் அந்த வரிசையில் இருக்கும்.

அது அவர்கள் வரலாறு. நமக்கு அப்படி விலக்கு கேட்பது சரி வராது என்று எனக்குத் தோன்றுகிறது. கேரளத்தில் செய்திருப்பதைப் பார்க்கலாம். 2022 முதல் பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட உள்ளாட்சித் தலைவரே உத்தரவிடலாம், லைசென்ஸ் உள்ளவரைக் கொண்டு சுடலாம். தமிழ்நாட்டில் இந்த ஜனவரியில் வந்த உத்தரவு வேறு மாதிரி. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது. ஒன்றிலிருந்து மூன்று வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்றைத் தாண்டினால் வனத்துறையின் பயிற்சி பெற்ற ஆட்கள் சுடலாம். என் தோட்டம் எண்ணூறு மீட்டரில் இருக்கிறது. ஆக எனக்கு எதுவும் இல்லை. ஆனாலும் அந்த ஒரு கிலோமீட்டர் விதியை நான் குறை சொல்ல மாட்டேன். காட்டை ஒட்டிய அந்த வரப்பில் புலிக்கும் செந்நாய்க்கும் பன்றிதான் சோறு. எனக்கு வேண்டியது சுடும் உரிமை இல்லை, பறிபோன கடலைக்கு நேரத்தில் இழப்பீடு. மூன்று கிலோமீட்டரைத் தாண்டிய ஊர்க்காரர்களுக்கு வேண்டியது, கூப்பிட்டால் அன்று இரவே வரும் ஆள். அதற்கு ஊரில் நல்ல குறி உள்ள லைசென்ஸ்காரர்களைத் துறை தன் கண்காணிப்பில் பயன்படுத்தினால் என்ன?

ஜூலை 20

மேலே நீலகிரியில் நல்ல மழை. பவானியில் புதுத்தண்ணீர், செம்மண் நிறம். மீன் ஏறும் காலம்.

கடலில் கிழக்குக் கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகக் கூடாது. ஆற்றுக்கு அப்படி ஒன்றை எங்கள் பக்கம் யாரும் கடைப்பிடித்து நான் பார்த்ததில்லை. மதகு ஓரத்தில் சினை வயிற்றோடு ஏறும் மீனை வீச்சுவலையில் வாரிக்கொள்கிறார்கள். வெடி போடுபவருக்கு 1897 மீன்வளச் சட்டத்தில் எழுதியிருந்த தண்டனை இரண்டு மாதம் வரை சிறை அல்லது 200 ரூபாய் வரை அபராதம். அன்றைக்கு 200 ரூபாய் பெரிய பணம், இன்றைக்கு இரண்டு கிலோ மீனுக்குக் காணாது.

சங்கத்தில் பேசி முடிவு செய்துவிட்டோம். ஆடி முடியும் வரை எங்கள் ஆட்கள் ஒருவரும் தூண்டில் போடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை கரைக்குப் போவோம், வெறுங்கையோடு. வெடிச்சத்தம் கேட்டால் நேரத்தையும் இடத்தையும் குறித்து மீன்வளத் துறைக்குச் சொல்வோம். போன ஞாயிறு இரண்டு சத்தம்.

ஆகஸ்ட் 24

ஆடி முடிந்தது. முதல் கேள்வி கேட்டவர் இன்று காலை ஐந்தரைக்கே கரைக்கு வந்துவிட்டார். ஆசிரியர், நாற்பது வயதுக்குள். தூண்டில் பிடிக்க மாட்டேன் என்று முன்பே சொல்லிவிட்டார், நாங்களும் வற்புறுத்தவில்லை. அவரிடம் நோட்டைக் கொடுத்தோம். புது நோட்டு, நீள அளவு, அட்டை போட்டது. தேதி, நேரம், யார், எத்தனை மணி, என்ன மீன், எத்தனை சென்டிமீட்டர், வாயில் பழைய முள் தழும்பு உண்டா என்று பத்தி பிரித்து அவரே கோடு போட்டார். எங்களுக்குத் தோன்றாத ஒரு பத்தியையும் சேர்த்தார்: தண்ணீரின் நிறம்.

மதியம் வரை பதினொரு வரி. கெளுத்தி நாலு, கெண்டை மூன்று, ஜிலேபி மூன்று, ஆரால் ஒன்று. ஜிலேபியைத் திரும்ப விடவில்லை, அது வந்தேறி மீன், குழம்புக்குப் போய்விட்டது. மகசீர் இல்லை. "இல்லை என்பதையும் எழுத வேண்டுமா?" என்று கேட்டார். எழுத வேண்டும் என்றேன்.

சந்தைக்கு வரும் நரிக்குறவப் பெரியவரின் பேரன் ஒருவரைக் கேட்டிருக்கிறேன். அடுத்த ஞாயிறு வருவதாகச் சொல்லியிருக்கிறார். கரையில் பறவைக் கணக்கு அவர் எடுக்கட்டும், எங்களுக்கு நாகணவாய்க்கு மேல் தெரியாது. அன்றைய கூலியைச் சங்கம் கொடுக்கும்.

ஆசிரியர் தன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. மீன் வாயில் முள்ளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். துப்பாக்கி பற்றி நாங்கள் பேசவே இல்லை. நோட்டை மட்டும் வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறார், கணினியில் ஏற்றித் தருவதாக.

ஆகஸ்ட் 25

கேப்பைக் களி எப்படிக் கிண்டுவது என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். கலிபோரில் அந்த மனிதர் செய்ததை அப்படியே சொல்கிறேன். கேப்பை மாவைக் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டுக் கெட்டியாகப் பிசைந்து, எலுமிச்சை அளவு உருட்டி, கொதிக்கும் தண்ணீரில் போட்டு வேகவிடுங்கள். எடுத்து ஆறியதும் மறுபடி ரப்பர் மாதிரி வரும் வரை பிசையுங்கள். அதுதான் சூட்சுமம், இல்லாவிட்டால் நீரோட்டத்தில் கரைந்துவிடும். நம் கெண்டைக்கு எலுமிச்சை அளவு வேண்டாம், கோலிக்குண்டு அளவு போதும். உப்பு போடாதீர்கள்.